தலையணையில் கிடந்த லென்ஸ்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள் அவள். கொக்கி இரண்டாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் கண் மருத்துவமனைப் பக்கம் போனாள். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கி வருகிறது என்றார்கள். அது மேலும் பிதுங்காமல் இறுகுவதற்காக, இடது கண்ணில் மேல்தோலை எடுத்து, மஞ்சள் சொட்டு மருந்து விட்டு, புற ஊதா ஒளி காட்டி, புண் ஆறும்வரை காவலுக்கு ஒரு மெல்லிய லென்ஸை வைத்து அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். லாரி மெக்கானிக்கான தம்பி லீவு போட்டுவிட்டு வந்து, நகத்திலிருந்த கிரீஸ் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிச் சொட்டு மருந்து விட்டான். பாதி கன்னத்தில்தான் விழுந்தது.

"எஞ்சினுக்கு ஆயில் விடுறதா நெனப்பாடா?"

"எஞ்சின் இப்படிக் கண்ணைச் சிமிட்டாதுக்கா."

நான்காம் நாள் காலை எழுந்தால், லென்ஸ் தலையணையில் மீன் செதில் போலக் காய்ந்து கிடந்தது.

"கழுவித் திரும்பப் போட்டுடலாமாக்கா?"

"தொடாதடா! விழுந்ததைப் போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. வண்டியை எடு."

வழியெல்லாம் அவளுக்குச் சீழ் பிடித்திருக்குமோ, கண்ணே போய்விடுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டரம்மா கண்ணில் சாயம் விட்டு, நீல விளக்கில் பார்த்தார். "தோல் மூடிடுச்சும்மா. நாளைக்கு நானே எடுக்கறதா இருந்தேன், அது முந்திக்கிச்சு."

போன உயிர் திரும்பியது. ஆனால் எழுத்துப் பலகையைப் பார்த்ததும் எல்லாம் ஒரே புகை. "முன்னைவிட மோசமா இருக்கே!"

"மேல்புண்தான் ஆறியிருக்கு. உள்ளே இறுகி, மங்கல் விலக மாசக்கணக்காகும்."

அதன் பிறகு தினமும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். ஒருநாள் ஐந்து, மறுநாள் எட்டு. இருந்தது என்னவோ ஆறுதான்.

"தப்பு எதுவும் பண்ணாமலே கம்பி எண்ணுறியேக்கா," என்றான் தம்பி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையிடத்தில் அவளைக் கீழே உட்காரவைத்துச் சரக்குச் சீட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். மேலே அவள் இருக்கையில் வேறொருவன்.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா கருவிழியின் புதுப் படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கூம்பு வளரலை. இப்போதைக்கு நின்னிருக்கு. பார்வை தெளியக் கெட்டி லென்ஸ் போட்டா கிரேன்ல ஏற முடியுமான்னு அப்புறம் பார்க்கலாம்." அடுத்த படத்தைக் காட்டினார். "வலது கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"அந்தக் கண்ணுக்கு எப்ப வரட்டும் டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.