எட்டுப் பேரில் ஒரு கடிதம்

புதன்கிழமை. மாலை வகுப்புக்குப் போகவில்லை. மேலப்பாளையத்தில் ஜுபைதா பீவி அம்மா வீட்டில் ஒரு கேசட்டுக்கு அர்த்தம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் எட்டு மாதமாக இந்தி படிக்கிறேன். இந்தி தெரிந்தால் உருது கேட்டாலும் புரியும் என்றுதான் அம்மா கூப்பிட்டார். 1988இல் அவர் கணவர் சேக் முகம்மது துபாயில் வேலை பார்த்தார். தில்லி வானொலியின் உருது ஒலிபரப்பைக் கேட்டே பாஷை படித்துக்கொண்டவர். நேயர் கடிதமும் எழுதினார். அது வாசிக்கப்பட்டபோது அம்மா இங்கே டூ-இன்-ஒன் ரேடியோவில் பதிவு செய்துகொண்டார்.

"எனக்கு சலாம் சொல்லி எழுதுனதா சொல்லுதாஹ. அர்த்தம் கேட்டா மட்டும் டேப்பை அணைச்சிருதாஹ. இப்ப மஃரிப் தொழுவப் போயிருக்காஹ. வாரதுக்குள்ள சொல்லிரு, பிள்ளே."

முதலில் வேறு ஊர்களிலிருந்து இருவர் கடிதங்கள். ஒவ்வொரு வரியாக நோட்டில் எழுதினேன். பிறகு அந்த அறிவிப்பாளர் பெண் சேக் முகம்மது பெயரைச் சொன்னாள். அம்மா சிரித்தார். அடுத்த வரியில் என் பென்சில் நின்றது. திருப்பிப் போட்டேன். மூன்று முறையும் அதேதான்.

"என்ன பிள்ளே, சலாமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"எனக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. உங்கள் குரல்தான் என் குடும்பம்னு எழுதியிருக்காங்க."

அந்த வருஷம் அவர்களின் மூத்த மகளுக்கு நாலு வயது. இளையவன் கைக்குழந்தை. அம்மா தானே கேசட்டை மறுபடி ஓடவிட்டார். அப்போதுதான் கதவு திறந்தது.

"அட, என் கடுதாசில்லா ஓடுது!" என்றவர் என் நோட்டைப் பார்த்ததும் டேப்பை அணைத்துவிட்டு நின்றார்.

"நீங்க யாருமத்தவஹளா?" என்று அம்மா கேட்டார்.

"அடியே, அப்படி எழுதுனாத்தான் ரேடியோல படிப்பாஹன்னு பேச்சு. ரூம்ல எட்டுப் பேரும் அப்படித்தான் எழுதுனோம். எல்லாவனும் பிள்ளகுட்டிக்காரன்தான்."

நான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். முன்னால் வந்த இரண்டு கடிதங்களிலும் அதே மாதிரி வரிதான் இருந்தது. வாசித்துக் காட்டினேன். அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கும் மூச்சு வந்தது.

"எட்டுப் பேர்ல யாரு கடுதாசியல்லாம் படிச்சாஹ?"

"என்னது ஒண்ணுதான்," என்றார் அவர், பெருமையாக.

"எட்டுப் பேரும் ஒரே பொய்யத்தான் எழுதுனீய. உங்களது மட்டும் அந்த ரேடியோக்காரிக்கு எப்படி மெய்யாப் பட்டுது?"

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

அம்மா கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இது இனி இங்கன வேண்டாம்."

கேசட் என் மேஜைமேல் இருக்கிறது. அந்த வரிக்குப் பிறகும் கடிதம் பாக்கி இருக்கிறது; சலாம் அதில்தானோ என்னவோ. நான் கேட்கவில்லை.