விளக்கேற்றும் முறை

இராஜம்மாவுக்கு மாதவிடாய் வந்துவிட்டால் காப்பார் ஊரிலிருந்த அவர்கள் வீட்டில் விளக்கேற்றும் வேலை அவள் கணவர் தம்புசாமிக்குப் போய்விடும். வழக்கமாக நாலைந்து நாள்தான். லோரி ஓட்டிவிட்டு வந்து, காக்கைக் குளியல் போட்டு, திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவிடுவார். இந்த முறை நாள் வாரமாகி, வாரம் மாதத்தைத் தொட்டதில் மனிதர் தொழிலில் தேறிவிட்டார். மணி அடிக்கிறார், தேவாரம்கூடப் பாடுகிறார். இன்று முருகன் படத்தையே இடம் மாற்றிவிட்டார். சாமி அறைக்கு வெளியே சுவரைப் பிடித்து நின்ற இராஜம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"அங்க வெளிச்சம் பத்தல லா."

எல்லாம் அந்த மாத்திரையால் வந்தது என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தேகம். தைப்பூசத்துக்குப் பால்குடம் என்றால் தீட்டைத் தள்ளிப்போட ஒரு அட்டை, நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒரு அட்டை, ஆடிப்பூரத்துக்கு இன்னொன்று. எந்த டாக்டரையும் கேட்டதில்லை. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவள் சொன்னால் போதாதா? இப்போது உதிரப்போக்கு நிற்கமாட்டேன் என்கிறது. வயசாகிவிட்டது, போகிற போக்கில் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறது என்று வெளியே சிரித்துக்கொண்டாள். ஆனால் செராஸில் இருந்த அண்ணிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணி இப்போது இல்லை. அந்த நோயின் பெயரை மனசுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்க்க இராஜம்மாவுக்குத் தைரியம் வரவில்லை.

தம்புசாமி கற்பூரம் காட்டித் திரும்பியபோது அவள் சுவரோரமாகச் சரிந்துகொண்டிருந்தாள். பதற்றத்தில் எரிகிற தட்டோடு ஓடிவந்தார்.

"மொதல்ல தட்டக் கீழ வைங்க, வீடு பத்திக்கும்!" என்றாள், மயக்கத்திலும்.

"நான் பூசை பண்ணது போதும். கெளம்பு கிளினிக்குக்கு."

கிள்ளான் டவுன் கிளினிக்கில் டாக்டர் ஷாமினி அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"வயசுதான் டாக்டர், நிக்கப்போற நேரம்," என்றாள் இராஜம்மா.

"கோயிலுக்குக் கோயில் மாத்திரை, டாக்டர்," என்று போட்டுக்கொடுத்தார் தம்புசாமி. அவ்வளவையும் பார்மசியில் வாங்கி வந்தவரே அவர்தான்.

"மாத்திரையாவும் இருக்கலாம், ஆன்டி. தைராய்டு, கர்ப்பப்பைல நார்க்கட்டி, உள்ள சவ்வு தடிச்சுப் போறது, எதுவாவும் இருக்கலாம். வயசுன்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. இவ்ளோ ரத்தம் போயிருக்கு, ஏன் இத்தன நாளா வரல?"

இராஜம்மா முந்தானையைத் திருகினாள். "கேன்சரா டாக்டர்?"

தம்புசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் இவள் இதைத்தான் சுமந்துகொண்டு நின்றாளா?

"பெரும்பாலும் இருக்காது. ஆனா பாக்காம இல்லைன்னு சொல்லமாட்டேன். இன்னிக்கே ஸ்கேன். உள்சவ்வுலயும் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

வயிற்றில் பூசிய பசை சில்லென்றிருந்தது. இராஜம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அலைந்தது. தம்புசாமி எட்டி எட்டிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

"இதோ, இங்க ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "நார்க்கட்டி மாதிரிதான் தெரியுது. இருங்க, அளந்துடறேன்."

"என்னங்க, எவ்ளோ பெருசு?" இராஜம்மா கண்ணைத் திறக்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தம்புசாமி, கைக்கு எட்டியது அதுதான் என்பதால், அவள் கால் கட்டைவிரலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.