பச்சை விளக்கும் நானூறு மீன்களும்

...காவல்நாய் என்றால் நிஜ நாய் இல்லை என்றதும் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள், கொலம்பியாவின் மெதெயின் நகரில் சனிக்கிழமை காலை, கருவி செய்து விற்கக் கிளம்பியிருக்கும் புதுக் கம்பெனிக்காரர்களுக்குப் பாலபாடம் நடத்த என்னை விட்டால் ஆளில்லையாம், நானும் வெட்கமில்லாமல் பலகையில் படம் போடுகிறேன், சிப்புக்குள் ஒரு கடிகாரம், அதுதான் நாய், நிரல் ஒவ்வொரு சுற்று வேலையையும் முடித்துவிட்டு அதற்கு ஒரு பிஸ்கட் போட வேண்டும், போடவில்லையா, நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நாய் எல்லாவற்றையும் அணைத்துத் திரும்ப எழுப்பிவிடும்... எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன், இந்த வாய் செவ்வாய்க்கிழமை எங்கே போயிருந்தது?

செவ்வாய்க்கிழமை மீன் வளர்க்கும் பெரியவர் தோன் எலியேசரின் குளத்தில் நானூறு ட்ரவுட் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன, ஆக்சிஜன் குறைந்தால் அலற வேண்டிய எங்கள் கருவி அலறவில்லை, அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பச்சை விளக்கு மினுக்கிட்டேதான் இருந்துச்சு இஞ்சினியரே, அதை நம்பித்தான் சர்ச்சுல பேத்தியோட புதுநன்மைச் சடங்குக்குப் போயிருந்தேன்" என்றார். என் கூட்டாளி யெசெனியா, கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் பற்றவைப்பது அவள் வேலை, தலையில் கைவைத்து உட்கார்ந்து, என் ஈயம்தான் எங்கேயோ விட்டிருக்கும் என்றாள், நான்... குளத்தைப் பார்த்தேன். தெரியாதா எனக்கு? மார்ச்சில் முதலீட்டாளர்கள் முன்னால் கருவி நிமிடத்துக்கொரு தரம் அணைந்து எழுந்து மானத்தை வாங்கியபோது, பிஸ்கட் போடும் வேலையை நிரலிடமிருந்து பிடுங்கி, தனியே ஓடும் ஒரு மணியிடம் கொடுத்தவன் நான்தானே, நிரல் உள்ளே மூர்ச்சையாகிக் கிடந்தாலும் மணி பாட்டுக்கு அடிக்கும், நாய் பாட்டுக்குத் தின்னும், விளக்கையும் அதே மணிதான் மினுக்கும்... நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று வேறு எழுதிவைத்தேன், என்ன ஒரு நேர்மை.

பின்வரிசைப் பெண் கை தூக்கி, பிஸ்கட்டை மணியிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள், அதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்றேன், "அப்படியும் யாராச்சும் செய்வாங்களா வாத்தியாரே?" மறுபடி சிரிப்பு, நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன், அதற்குள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, யெசெனியா, குளத்திலிருந்து, ஒரு நிமிடம் என்று ஜன்னலோரம் ஒதுங்கினேன். "டேய் வில்மர், பதினாலு பலகையையும் கழட்டி மறுபடி பத்தவெச்சாச்சு, விரலும் சேர்ந்து வெந்துபோச்சு. பழசுல ஒரு குறையும் கண்ணுக்குப் படலைடா, ஆனாலும் என் கைதான், வேற என்ன இருக்க முடியும்?" ம், என்றேன். பச்சை அழகாக மினுக்குகிறதாம், தோன் எலியேசர் புதுக் குஞ்சுகளை வாளியில் வைத்துக்கொண்டு நிற்கிறாராம், விடச் சொல்லட்டுமா என்கிறாள், ம், வாளியில் எத்தனை இருக்கும், ஐந்நூறா... சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, என்று உள்ளே யாராவது சொல்கிறார்களா என்று பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் அவள் மூச்சு விடும் இடைவெளியில் எல்லாம் என் 'ம்' மட்டும் பிஸ்கட் மாதிரி நொடி பிசகாமல் போய் விழுந்துகொண்டிருக்கிறது, செவ்வாய்க்கிழமையிலிருந்தே இப்படித்தானா? அடுத்த 'ம்' உதடு வரை வந்துவிட்டது... விழுங்கினேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், "டேய், உயிரோடதானே இருக்கே?"