தக்கை படுத்தால் இழு

டெல்மர் படகை விற்கப் போகிறான் என்பதை டெல்மர் என்னிடம் சொல்லவில்லை. தூண்டில் கடை ஹோபர்ட்தான் சொன்னான். கடைக் கதவில் படகின் படத்தோடு ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அடியில் எங்கள் வீட்டுப் போன் எண். கட்டிக்கொண்டு இத்தனை வருடம் ஆக்கிப் போட்டவளுக்கு ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் தெரிகிறது. வந்த ஆத்திரத்தில் அட்டையைக் கிழிக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"கிழிச்சு என்ன ஆகப்போகுது ரீவா? ஆள் பேசி முடிச்சாச்சு" என்றான் ஹோபர்ட். "நாஷ்வில்காரப் பையன். பிராடின்னு பேரு. சனிக்கெழம மத்தியானம் துறைக்கு வந்து எடுத்துட்டுப் போறானாம்."

டெல்மர் ஏன் விற்கிறான் என்று எனக்குத் தெரியும். கோடை முழுவதும் அவனுக்குக் கீமோ ஓடியது. குடலில் இருந்த புற்று போய்விட்டது. போகிற போக்கில் இரண்டு கைகளின் உணர்ச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். காப்பிக் கோப்பையைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே அவனுக்குப் பார்த்தால்தான் தெரியும். உணர்ச்சி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்ல எதற்கு அவ்வளவு படிப்பு? பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற நானே சொல்லியிருப்பேனே.

எங்கள் ஏரிக்கு வெளியூர்க்காரர்கள் வெயில் காலத்தில் வருவார்கள், தோல் உரிய உரியக் குளித்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்களுக்குச் சீசன் தொடங்குவது மரமெல்லாம் மொட்டையான பிறகுதான். அப்போதுதான் பெரிய பாஸ் மீன்கள் கிடைக்கும். பழுப்பன் என்போம் நாங்கள். குளிரில் அதற்கு உடம்பு அசையாது. துரத்தி வந்து கடிக்காது. டெல்மர், மான் முடி கட்டிய ஈயக் குண்டு முள்ளை ஆழத்தில் பாறை மேல் மெதுவாக இழுத்து வருவான். அந்தக் குளிரில் பழுப்பன் கடித்தால் வெடுக்கென்று இழுக்காது. ஈர இலை ஒட்டினாற்போல நூல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். அது விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் விருந்து முடிந்த மறுநாள் டெல்மர் ஹோபர்ட்டோடு மீன் பிடிக்கப் போனான். ஒரே படகு, ஒரே பாறை. ஹோபர்ட் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்தானாம். டெல்மரின் முள் மட்டும் முடி மென்று துப்பப்பட்டு வந்ததாம். மீன் வந்திருக்கிறது, வாயில் வைத்திருக்கிறது, போயிருக்கிறது. இவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவன் படகைக் கழுவித் தார்ப்பாய் போட்டு மூடினான். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. மீன் நிகழ்ச்சி வந்தால் மட்டும் சேனலை மாற்றுவான்.

எனக்குப் பயம் அதுதான். சாவிடமிருந்து இழுத்துக்கொண்டு வந்த மனுஷனை அந்த நாற்காலியிடம் பறிகொடுக்க எனக்கு மனசில்லை. படகு போய்விட்டால் அவனை எழுப்ப என்னிடம் வேறு ஒன்றும் கிடையாது.

"தக்கை போட்டுப் பிடிக்கச் சொல்லேன்" என்றான் ஹோபர்ட். "குளிர்ல ஏரியில பாதிப் பேரு அப்படித்தான் பிடிக்கறாங்க. கடிக்கறது கண்ணுக்கே தெரியும். விரலே வேணாம்."

"நீயே சொல்லிப் பாரேன். தக்கை சின்னப் புள்ளைங்க விளையாட்டும்பான். நான் தக்கையில பிடிக்கிற கிராப்பிப் பொடி மீனப் பாத்தே அவன் சிரிக்காத நாள் கெடையாது."

ஹோபர்ட் உள்ளே போய் நீளமான ஒரு கம்பை எடுத்து வந்தான். சாட்டைபோல் வளைந்து ஆடியது. கூடவே ஒரு தக்கை, வாத்து இறகு கட்டிய கட்டெறும்பு அளவு முள்.

"எடுத்துட்டுப் போ. எப்படின்னு சொல்றேன் கேளு. பழுப்பன் கடிச்சா தக்கை..."

"ஹோபர்ட், ஆறு வயசுல எங்கப்பாவோட ஆலைக் குட்டையில தக்கை பாக்க ஆரம்பிச்சவ நான். நீ எனக்குச் சொல்லித் தராத."

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடியிருக்கக் கூடாது. ஆனால் என்னோடு வாய் கொடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன். படகு விற்பது எனக்குத் தெரியும் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவன் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"கோபமா?" என்றான்.

"பின்ன? கொஞ்சுவாங்களா? சரி, வித்துத் தொலை. ஆனா நாளைக்கு அவன் வர்றதுக்கு முன்னாடி என்ன ஒரு தடவ கூட்டிட்டுப் போ."

"உனக்குக் குளிர் ஆகாதே."

"உன்னையே சகிச்சுக்கிட்டு இருக்கேன். குளிரா பெருசு?"

அவன் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

காலையில் கிளம்பும்போது மூக்கு நுனி விறைத்துப் போகிற குளிர். படகை நீரில் இறக்குவது, இயந்திரத்தைக் கிளப்புவது எல்லாம் அவனால் முடிகிறது. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை எதுவும் அவனுக்குக் கஷ்டமில்லை. செங்குத்தாக இறங்குகிற பாறைச் சுவருக்கு எதிரே படகை நிறுத்தினான். வேறு ஈ காக்கை இல்லை. அவன் கையுறைக் கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் நீளக் கம்பை எடுத்தேன்.

"அடக் கடவுளே" என்றான். "என் படகுல தக்கையா? விக்கிற அன்னிக்கு இந்த அவமானம் வேறயா?"

"உன் படகு மத்தியானம் வரைக்கும்தான். வாய மூடு."

எறிந்தேன். தக்கை பாறையோரம் போய் நின்றது. முள் அதற்குக் கீழே, என் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில், சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். வேலை அவ்வளவுதான். சும்மா தொங்க விடுவது. சிற்றலை தக்கையை ஆட்டியது. நான் அது முழுகக் காத்திருந்தேன். கிராப்பி கடித்தால் தக்கை முழுகும். எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது.

தக்கை முழுகவில்லை. நிமிர்ந்து நின்றது, கொஞ்ச நேரம் சாய்ந்து படுத்தது, திரும்ப நிமிர்ந்தது. அலை என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி எறிந்தேன். மறுபடி அதே கதை. பின்னால் டெல்மர் செருமினான். இருக்கையில் நெளிந்தான். மூன்றாவது முறை தக்கை படுத்தபோது அவனால் பொறுக்க முடியவில்லை.

"ரீவா, இழுடி."

"எதுக்கு? முழுகவே இல்லையே."

"அது முழுகாதுடி. குளிர்ல பழுப்பன் கீழ இருந்து வந்து முள்ள வாயில வச்சுக்கிட்டு அப்படியே மேல தூக்கும். கீழ கனம் போயிடுச்சுன்னா தக்கை படுத்துடும். படுத்தா இழுக்கணும். இதோட மூணு மீன விட்டுட்ட."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். "தக்கையே தொடாத உனக்கு இது எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா அவனுங்களப் பாத்து சிரிச்சிருக்கேன். சிரிக்கணும்னா பாத்துதானே ஆகணும்?"

அடுத்தது படுத்தபோது என்னைவிட முன்னால் அவன்தான் பார்த்தான். "இப்ப" என்றான். இழுத்தேன். கம்பு வளைந்தது. முழங்கை நீளம்கூட இல்லாத சின்னப் பழுப்பன். ஆனாலும் டெல்மர் எழுந்து நின்றுவிட்டான். ஜாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்திருந்தது. நான் மீனை விட்டுவிட்டு, கம்பை அவன் பக்கம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டான். எறிந்தான். எறிவதெல்லாம் தோளுக்குப் பழக்கம். தக்கை போய் நின்றது. வெகுநேரம் நின்றது. படுத்தது. இழுத்தான். இழுத்த இழுப்பில் நூல் பட்டென்று அறுந்தது. எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த மெல்லிய நூல் அதைத் தாங்காது.

அறுந்த நுனி காற்றில் ஆடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா?" என்றான், மெதுவாக. "நான் சொன்னா நீ நம்பல. பாத்துட்டேல்ல? போலாம். அவன் வந்துடுவான்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஒண்ணு அறுந்ததுக்கு போலாமா? உடம்பு நல்லா இருந்தப்ப நீ அறுத்ததெல்லாம் எந்தக் கணக்கு? உக்காரு. நான் முள்ளு கட்டறேன். கை சொல்லலன்னா காது இருக்குல்ல? ரீல் கத்துறதக் கேளு. கம்பு வளையறதக் கண்ணால பாரு. இன்னும் பத்தலன்னா நான் இருக்கேன், சொல்றேன். வாய் ஒண்ணுதான் எனக்கு நல்லா வேலை செய்யுதுன்னு நீதான சொல்லுவ?"

அவன் உட்கார்ந்தான். நான் முள் கட்டினேன். இருவருக்கும் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினேன். குடித்தான். பிறகு எழுந்து எறிந்தான்.

இந்த முறை தக்கை படுத்ததும் அவன் கம்பை மெதுவாக, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினான். கம்பு வளைந்தது, வளைந்துகொண்டே போனது. ரீல் கிரீச்சென்றது.

"விடு, ஓடட்டும்" என்றேன். "கம்ப நிமிரவிடாத. இப்ப நின்னுடுச்சு. சுத்து. மெதுவா. மெதுவாடா. ஓடுது, விடு."

பஸ்ஸில் கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை அன்றைக்கு முழுசாகப் பயன்பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் என் வாயைக் கேட்டுக் கேட்டுச் சுற்றினான், விட்டான், சுற்றினான். கடைசியில் படகோரம் அது வந்து புரண்டது. செம்புப் பானை நிறம், பெரிய வயிறு, சினைமீன். அந்த மாதிரி ஒன்றை நான் சுவரில் மாட்டிய படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பழுப்பனை எங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள். பிடித்ததை விட்டுவிட வேண்டும். குளிர்காலத்து மீனைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. அதன் தாடையைப் பிடித்து நீரிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு மூச்சு வந்து, வால் உதைத்து, போகிறேன் என்று அதுவே சொல்லும். அப்போது விட வேண்டும். சீக்கிரம் விட்டால் மல்லாந்து செத்துப்போகும்.

டெல்மர் கையுறையைக் கழற்றி, படகு விளிம்பில் மண்டி போட்டு, மீனை நீருக்குள் பிடித்தான். பிடித்தவன் அப்படியே இருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது. அது எப்போது உதைக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

நான் பக்கத்தில் மண்டி போட்டேன். பனிக்கட்டியாக இருந்த நீருக்குள் கையை விட்டு அவன் கைமேல் வைத்தேன். என் விரல் மீனின் செவுளில் பட்டது.

"இன்னும் இல்ல" என்றேன். "மூச்சு விடுது. இன்னும் இல்ல. வாலை ஆட்டிப் பாக்குது. இரு. இப்ப விடு."

அவன் விரல்களைத் திறந்தான். செம்பு நிறம் கொஞ்சம் மின்னி ஆழத்தில் போய் மறைந்தது. அவன் திறந்த கையை நீருக்குள்ளேயே வைத்திருந்தான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அவன் குனிந்து நீருக்குள் பார்த்தான். அப்போதுதான் என் கை தன் கையைப் பிடித்திருப்பதைக் கண்டான்.

"நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டா இருக்க?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரி நாற்காலியில பிடிச்சேன். சர்ச்சுல வாரா வாரம் பிடிக்கிறேன். ராத்திரி படுக்கையில பிடிக்கிறேன். நீதான் திரும்பப் பிடிக்கவே மாட்டேங்கிற. கல்லு மாதிரி வச்சிருக்க. என்மேல உனக்கு வெறுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சேன் டெல்மர்." சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் என்னைப் பார்த்தான். கண் சிவந்துவிட்டது. "சர்ச்சுல நான் நேராத்தான பாத்துக்கிட்டு இருப்பேன். படுக்கையில இருட்டு. எனக்குத் தெரியவே இல்ல ரீவா. நீதான் என்னத் தொடறதையே விட்டுட்டன்னு இருந்தேன்."

இரண்டு பேரும் அந்த நீரிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே, சரியாகப் பார்த்து, விரல்களை மூடினான். ரொம்ப பலமாக மூடினான், வலித்தது. நான் சொல்லவில்லை.

துறைக்கு வந்தபோது பிராடி தன் பிக்கப் வண்டி மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நல்ல பையன்தான், புதுத் தொப்பி. படகைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. டெல்மர் கயிற்றைக் கட்டிவிட்டு அவனிடம் போனான்.

"உன்ன வரவச்சதுக்கு மன்னிச்சுக்கப்பா. படகு விக்கலை."

பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. "போன்ல நீங்கதான சார் சொன்னீங்க, கையில உணர்ச்சியே இல்ல, இனி எதுவும் தெரியாதுன்னு?"

"ஆமா, இன்னிக்கும் தெரியல" என்றான் டெல்மர். "இவ சொல்லுவா."