முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன்

திமிங்கலம் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களால்தான் சம்பளம் வருகிறது, அது வேறு விஷயம். கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டு மேடை இருக்கிறது. துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் சோஜு சாராய வாடையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட நாட்களில் தன்னை விட்டுப் போனவளை நினைத்து அழுது பாட ஆரம்பித்துவிடுவார். மூன்று மணி நேரம் கடலைச் சுற்றிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் என்னவோ திமிங்கலத்தை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்கு வந்தது போல.

மேல்தளத்தில் ஒலிபெருக்கியில் பேசுவதுதான் என் வேலை. இடது பக்கம் பாருங்கள், கம்பியில் ஏறாதீர்கள், கடற்காகத்துக்குத் தின்பண்டம் போடாதீர்கள். இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கெட்டுவிட்டது.

அன்று காலை பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது என் தம்பி தல்சூ போன் செய்தான். கடலுக்குப் போனால் அவன் என்னைக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

"அக்கா, இன்னிக்கு உங்க கப்பல் எந்தப் பக்கம் போகுது?"

"கேப்டனுக்குத்தான் தெரியும். ஏன்டா?"

"வடக்க வர வேணாம்னு சொல்லு."

"ஏன்னு கேக்கறேன்ல."

அவன் குரலைத் தாழ்த்தி, "மாட்டிக்கிச்சு," என்றான்.

எங்கள் ஊரில் அந்த ஒரு சொல் போதும். சங்கு பிடிக்க அவன் கடலடியில் போடும் கூடுகளைக் கோத்திருக்கும் கயிற்றில் திமிங்கலம் சிக்கியிருக்கிறது. எங்கள் நாட்டில் திமிங்கலத்தைக் கொல்வது குற்றம். ஆனால் அது தானாக வலையிலோ கயிற்றிலோ சிக்கிச் செத்துப்போனால், காவல் படகுக்காரர்கள் வந்து உடம்பில் ஈட்டிக் காயம் இல்லை என்று பார்த்துத் தாள் கொடுத்துவிட்டால், அது வலைக்காரனுக்குச் சொந்தம். ஏலத்தில் போகிற விலையில் ஒரு வீடு வாங்கலாம். கடல் லாட்டரி என்று சொல்வோம்.

"செத்துருச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல."

உயிரோடு இருந்தால் தகவல் சொல்லிவிட்டு அறுத்து விட வேண்டும். அதுதான் சட்டம். அது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்தை எப்படிச் சுற்றி வருவது என்பதும் தெரியும். படகை எட்ட நிறுத்தி, படகு இருக்குமிடம் காட்டும் கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டு, திமிங்கலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் விசாரிக்கும்போது, "உயிரோட இருந்தத நான் கண்ணால பாக்கல" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம் பாருங்கள், அதற்காக. மூச்சு விடுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். காதைப் பற்றி இதுவரை எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

"அக்கா, இது மட்டும் கைக்கு வந்துட்டா நான் கரைக்கு வந்துருவேன்," என்றான் தல்சூ. "யங்னான் கிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள அவகிட்ட வேற சொல்லிட்டியா?"

"அழுதா அக்கா. சந்தோஷத்துல."

யங்னான் அவன் மனைவி. அவள் அப்பாவையும் அண்ணனையும் ஒரே புயலில் கடல் கொண்டுபோனது. தல்சூ தாமதமாக வருகிற நாளெல்லாம் அவள் துறைமுகச் சுவரில் போய் நிற்பாள். ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கடல் இல்லாத தேகு நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "நீ கரைக்கு வா, நான் உன்கிட்ட வர்றேன். இன்னொரு தடவ அந்தச் சுவத்துல நிக்க என்னால ஆகாது," என்று மட்டும் சொன்னாள். தேகுவில் ஒரு நூடுல்ஸ் கடை வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. படகை விற்றால் அடுப்புகூட வாங்க முடியாது. ஆக, அந்தக் கயிற்றில் சிக்கியிருந்தது என் தம்பியின் குடும்பம்.

நான் கேப்டன் அறைக்கு ஏறினேன்.

"இன்னிக்குத் தெற்க போலாமா கேப்டன்? நேத்து அங்க டால்பின் தெரிஞ்சுதாம்."

"யார் சொன்னா?"

"மீன் சந்தையில பேசிக்கிட்டாங்க."

"மீன் சந்தையில என்னத்ததான் பேசல. ஒரு வாரமா தெற்க போயி வெறும் தண்ணியப் பாத்துட்டு வர்றோம். கம்பெனியில என்னைக் காய்ச்சி எடுக்கறாங்க. இன்னிக்கு வடக்கதான்."

"காத்து சரியில்லையே."

"காத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? ஏன், வடக்க உன் மாமியாரா நிக்கறா?"

இதற்கு மேல் பேசினால் சந்தேகம் வரும். வெளியே வந்து தம்பிக்குப் போன் செய்தேன். அணைத்துவிட்டிருந்தான். கருவியோடு சேர்த்து போனையும் அணைத்திருக்கிறான், மடையன்.

வடக்கே போனோம். கீழே ஒரு மலையேறும் சங்கத்துக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும், மிட்டாய் நிறத்தில் உடை. அவர்கள் தலைவர் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். அடிக்கொரு தரம் மேலே வந்து என்னைச் சீண்டினார்.

"என்னம்மா, உங்க திமிங்கலத்துக்கு இன்னிக்கு லீவா?"

"உங்க பாட்டக் கேட்டு ஓடிருச்சுங்க ஐயா."

"அப்ப நல்லாப் பாடறவனா ஏத்தியிருக்கணும்!" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்திருக்க வேண்டும், இந்நேரம் செத்துத் தொலைந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாயில்லாத ஜீவன் சாகட்டும் என்று அப்படி வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

சாகவில்லை. கரிய முதுகு ஒன்று தண்ணீருக்கு மேலே வந்தது. மூச்சு பீறிட்டது. கப்பலே அலறியது. கீழே பாடிக்கொண்டிருந்தவர்கள் மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் குவிந்ததில் கப்பல் லேசாகச் சாய்ந்தது.

"ஒரே பக்கமாக நிற்க வேண்டாம், தயவுசெய்து பிரிந்து நில்லுங்கள்," என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். யார் கேட்கிறார்கள்.

அது உள்ளே போனது. மறுபடி அதே இடத்தில் எழுந்தது. உடம்பைப் புரட்டிப் பாதி எழும்பி, எதுவோ இழுத்துப் பிடித்தது போல் பொத்தென்று விழுந்தது.

"நமக்காக டான்ஸ் ஆடுதுடா!" என்றார் சிவப்புத் தொப்பி. சங்கத்துக்காரர்கள் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். அது ஒவ்வொரு தடவை மூச்சுக்காக முட்டிக்கொண்டு மேலே வந்தபோதும் இவர்கள், "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள்.

கொஞ்ச தூரத்தில் தல்சூவின் படகு நின்றது. அவன் பின்பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கப்பல் சத்தம் கேட்காமல் இருக்காது. ஆனாலும் திரும்பவில்லை. திரும்பினால் பார்த்ததாகிவிடும். அந்தக் குறுகிய தோளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

பெரிய கேமரா வைத்திருந்த ஓர் இளம்பெண் முதலில் கண்டுபிடித்தாள்.

"அது ஆடலைங்க! வால்ல கயிறு! கயிறு சுத்தியிருக்கு!" என்று கத்தினாள். கேமராவைப் படகுப் பக்கம் திருப்பினாள். "அந்த ஆளு பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கான். சாகட்டும்னு வெயிட் பண்றான். இவனுங்களப் பத்திப் படிச்சிருக்கேன்."

"அட பாவி," என்றார் சிவப்புத் தொப்பி. சற்று முன்பு தாளம் போட்ட கைகளெல்லாம் இப்போது படகை நோக்கி நீண்டன. போன்கள் உயர்ந்தன. அந்தப் பெண் காவல் படகு எண்ணைத் தேட ஆரம்பித்தாள். அவள் கேமராவில் தம்பியின் முதுகு, படகின் பெயர், உயிரோடு திமிங்கலம் மூன்றும் ஒரே படத்தில் இருந்தன. பார்க்கவில்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. படகு போகும், உரிமம் போகும், ஆளும் உள்ளே போவான்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனேன்.

"அன்பான பயணிகளே, அந்தப் படகில் இருப்பவர் எங்கள் ஊர் மீனவர் பியோன் தல்சூ. சிக்கிக்கொண்ட திமிங்கலத்தைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார். மிரண்டிருக்கும்போது பக்கத்தில் போனால் படகைக் கவிழ்த்துவிடும் என்பதால், அது அமைதியாகட்டும் என்று காத்திருக்கிறார். நாம் அவருக்குக் கைதட்டி உற்சாகம் கொடுக்கலாமா?"

கடல் முழுக்க என் குரல்தான். தல்சூ திரும்பினான். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் அவன் பார்த்தது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும்.

"தல்சூ! தல்சூ!" என்று கப்பல் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. கேமராப் பெண்ணும் போனைக் கீழே இறக்கினாள்.

அவன் எழுந்து நின்றான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சிகரெட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நீளக் கம்பில் கட்டிய அரிவாளை எடுத்தான். படகைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கயிற்றை அறுத்தான். கயிறு அறுந்ததும் அதில் கோத்திருந்த கூடுகள் அத்தனையும் அடியில் போயின. திமிங்கலம் என்ன நடந்தது என்று புரியாமல் சிறிது நேரம் படகோரம் கிடந்தது. பிறகு வாலில் சுற்றியிருந்த கயிற்றோடே உள்ளே போய்விட்டது.

மேல்தளத்தில் பெண்கள் அழுதார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கையை அசைக்கச் சொல்லித் தல்சூவைக் கூப்பிட்டார்கள். விடாமல் கூப்பிட்டார்கள். கடைசியில் அவன் கையைத் தூக்கினான்.

கரைக்கு வந்து இறங்கும்போது சிவப்புத் தொப்பிக்காரர் ஈரம் காயாத கண்ணோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேம்மா. அந்த மனுஷன் தெய்வம்."

"சரிங்க ஐயா."

"ஆமா, இங்க திமிங்கலக் கறி எந்தக் கடையில நல்லாருக்கும்? நாங்க முப்பது பேர் இருக்கோம்."

கடையைக் காட்டினேன். வரிசையாகப் போனார்கள்.

மறுநாளே தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். தல்சூவைப் படகில் நிற்க வைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். "உயிருள்ள வரை இந்தக் கடலை விட்டுப் போக மாட்டேன், இதைக் காப்பேன்," என்று அவனும் சொன்னான். நகர மண்டபத்தில் கேடயம் கொடுத்தார்கள். பூமாலை போட்டார்கள். போட்டோவில் அவன் முகம் ஈமச்சடங்குக்கு வந்தவன் முகம் போல் இருந்தது.

யங்னான் எனக்குத்தான் போன் செய்தாள்.

"டிவியில பாத்தேன் அண்ணி. கடலை விட்டுப் போக மாட்டேன்னாரே."

"அது அவன் பேச்சு இல்லம்மா, அவங்க சொல்லச் சொன்னது."

"கயித்த அறுத்தது அவர் கைதானே அண்ணி?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உண்மையை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எதைச் சொல்வது? அவர்கள் ஒன்று சேரக்கூடாது என்றா நான் நினைத்தேன்? எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனை விலங்கு போட்டுக் கூட்டிப்போவதைப் பார்க்க முடியாமல் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். திமிங்கலம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

தல்சூ என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தெருவில் என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவான். அந்த மரியாதைக்கு அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது குக் சாங்மான் வலையில் ஒரு திமிங்கலம் செத்துக் கிடந்தது. சாங்மானுக்கு ஏற்கனவே இரண்டு படகு, துறைமுகத்தெருவில் மூன்று மாடி வீடு. ஏல மேடையில் பாரந்தூக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. நானும் போனேன். காவல் படகுக்காரர்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை உடம்பில் ஓட்டிப் பார்த்து, ஈட்டி எதுவும் இல்லை என்று தாள் கொடுத்தார்கள்.

வாலில் பச்சைக் கயிறு இருந்தது. தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பு வரை போயிருந்தது. உடம்பு வற்றியிருந்தது. இத்தனை நாள் இந்தக் கயிற்றோடு இரை தேட முடியாமல் அலைந்து, கடைசியில் வலையில் வந்து விழுந்திருக்கிறது. கயிற்றைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அவனவன் கயிற்றை அவனவன்தான் பின்னுவான். பின்னலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

"டேய் தல்சூ, சாங்மானுக்காகத்தான் காப்பாத்துனியா? முன்னயே சொல்லியிருந்தா அவன் உனக்கு ஒரு கேடயம் கொடுத்திருப்பானே!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு கிளம்பியது. சாங்மானும் சிரித்தான்.

தல்சூ கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் பக்கத்தில் போனேன்.

"தம்பி, எங்கூடப் பேசுடா. திட்டவாச்சும் செய்."

"எதுக்குத் திட்டணும்? நல்லதுதானே செஞ்ச."

"நான் அதையா காப்பாத்துனேன்? உன்னத்தான்டா காப்பாத்துனேன். அந்தப் பொண்ணு போன் பண்ணியிருந்தா நீ ஜெயிலுக்குப் போயிருப்ப."

ஏலக்காரன் விலை கூவ ஆரம்பித்தான். தல்சூ அவன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிலுன்னா வெளிய வர ஒரு தேதி இருக்கும், அக்கா," என்றான்.

சொல்லிவிட்டுப் படகுக்குப் போனான். புதுக் கூடுகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றுக்குக் கயிறு கட்ட வேண்டியிருந்தது.