தேதி போடாத அட்டைகள்

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர் வீரபாண்டியை நான் நேரில் பார்த்ததே இல்லை. பத்திரிகையில் விலாசம் பார்த்து, கொழிஞ்சாம்பாறையிலிருந்து தபால் அட்டையிலேயே அவரோடு செஸ் ஆடினேன். நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி. எழுபத்துமூன்றில் தொடங்கிய ஐந்தாவதை விடக்கூடாதென்று எனக்கு வெறி.

ஆரம்பத்திலேயே ராஜாவை மறைத்து நின்ற சிப்பாயைச் சும்மா நீட்டினார். தின்றேன். பிறகு யானையையும் தின்றேன். அப்புறம்தான் ராணியை இறக்கினார். என் ராஜா மூலைக்குப் போனால் ஒரு செக், திரும்பினால் இன்னொரு செக். வேறு கட்டமே இல்லை. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். ஒரு யானை கூடுதலாக வைத்திருப்பவன் நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவர் ஒரு தடவையாவது தவறுவார் என்று காத்திருந்தேன். ஏழு மாதம் அதே இரண்டு செக், தேதிகூடப் போடாமல்.

கடுப்பாகி, பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறிச் சண்டைக்கே போய்விட்டேன்.

தோட்டக் குடியிருப்பு லயத்து வாசலில் அவர் மனைவி மூக்கம்மாள் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, வீரபாண்டி ஊட்டுல இருக்காருங்களா? நான் ஆறுச்சாமிங்க."

"அவுக மார்கழியிலயே போயிட்டாகண்ணே."

போன வாரம்கூட அவர் கையெழுத்தில் செக் வந்ததே!

உள்ளே போய் அட்டைக் கட்டுகளை எடுத்து வந்தாள். தபால் ஆட்டத்தில் கட்டங்களுக்கு எண்தான்; என் ராஜா ஒதுங்கிய மூலை 88, அதன் பக்கத்துக் கட்டம் 78.

"நெஞ்சுல சீக்குன்னு தெரிஞ்சதும் எழுதி வச்சாக. எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும். உங்க அட்டையில கடைசியா ரெண்டு எட்டு வந்தா இந்தக் கட்டு. ஏழும் எட்டும் வந்தா அது. நம்பரே இல்லாம எழுத்து மட்டும் வந்தா, இந்த ஒத்த அட்டை."

கட்டுக்கு இரண்டு அட்டைதான் மிச்சம்.

"இது தீந்தா என்னண்ணே செய்ய?"

தீர்ந்தால் பதில் வராது. கெடு தாண்டினால் வெற்றி எனக்கு. சும்மா இருந்தாலே போதும். அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஊர் வந்ததும் 'டிரா' என்று எழுத்தில் எழுதிப் போட்டேன்.

ஆறாம் நாள் அந்த ஒற்றை அட்டை வந்தது. "ஒப்புக்கொள்ள மாட்டீர்களோ என்று கவலையாக இருந்தது. இந்த முறை வெள்ளை உங்களுக்கு. தொடங்குங்கள்."

காய்களை அடுக்கினேன். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, 5254 என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். அந்த நம்பருக்கு மூக்கம்மாளிடம் அட்டை இல்லை, தெரியும். ஆனாலும் தபால்காரர் சைக்கிள் வாசலில் நின்றால் எழுந்து போக எனக்குப் பயமாக இருக்கிறது.