முழங்கால் உயரக் கோடு

வீட்டில் அவளுக்கு மீட்டர் என்று பெயர். அக்காவின் கணவர் வைத்தது. அக்கா கல்யாணமாகிப் போன வீட்டுக்கு முதல் தடவை போனபோதே, புதுக் கட்டில் வாசலில் நுழையுமா என்று பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டியவள் அவள். "உன் தங்கச்சி பேச வந்தாளா, அளக்க வந்தாளா?" என்று மாமா அன்றைக்குக் கேட்டது, மூன்று வருஷமாகியும் அந்த வீட்டில் ஓய்ந்தபாடில்லை.

வெள்ள முன்னறிவிப்பு நிலையத்திலும் அவளுக்கு அதே வேலைதான், என்ன, சம்பளம் கொடுக்கிறார்கள். ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று வரைபடம் போட வேண்டும். சிவப்பு என்றால் வீட்டைவிட்டுக் கிளம்பு. மஞ்சள் என்றால் சாமான்களை மேலே ஏற்றிவிட்டு வீட்டிலேயே இரு. பச்சை என்றால் வேடிக்கை பார். பச்சைக்கு அலுவலகத்தில் வேறு வாசகம் வைத்திருந்தார்கள். ஆனால் ஊர் இப்படித்தான் எடுத்துக்கொண்டது.

அன்று விடியும்போதே அணையைத் திறந்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த பெரிய வெள்ளத்தின் அளவு தண்ணீர் வருகிறது என்று தகவல். காலையிலேயே அவள் போட்ட படம் எல்லோர் செல்போனுக்கும் போய்விட்டது. அக்கா இருக்கிற தெருவும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்பும் மஞ்சள். மாடியில்லாத வீடுகள்தான் அங்கே அதிகம், இருந்தாலும் முழங்கால் தண்ணீருக்கு மாடி எதற்கு?

"என்ன மீட்டர், எங்களுக்கு மஞ்சளா? பாத்து பண்ணியிருக்கே" என்று மாமா காலையில் பேசியிருந்தார். "துணியெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. எங்கம்மா கட்டில்ல கால நீட்டி உக்காந்திருக்காங்க."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில், அக்கா தெருவுக்குப் பின்பக்கம் சற்றுப் பள்ளத்தில் இருக்கிற பேருந்துப் பணிமனையிலிருந்து காவலாளி கூப்பிட்டார்.

"அம்மா, இங்க நிக்கிற பஸ்ஸு டயர் பாதி முழுகிடுச்சு. இதுக்கு மேல ஏறாதுன்னு உங்க படத்துல போட்டிருக்கு. இதோட நின்னுடுமா?"

அவள் சுவரிலிருந்த பெரிய திரையைப் பார்த்தாள். ஆற்றுப் பாலத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவி அனுப்பும் கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. உச்ச வெள்ளம் ஊருக்குள் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. உச்சத்தில் எவ்வளவு நிற்கும் என்று அவள் சொல்லியிருந்தாளோ அவ்வளவு இப்போதே நின்றுவிட்டது. டப்பாவை மூடி வைத்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு அதைத் திறக்கவேயில்லை.

எங்கே தப்பு? முதல் முதலில் போட்டுப்பார்த்த பழைய கணக்கைத் திரையில் எடுத்தாள். அதில் அந்தக் குடியிருப்பு முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. நெஞ்சுக்கு மேல் தண்ணீர். அதை மஞ்சளாக்கியது யார் என்று தேட வேண்டியதில்லை. அவளேதான்.

போன வருஷம் ஊர் முழுக்கச் சுற்றி, பழைய வெள்ளம் சுவர்களில் விட்டுப்போன கறையை அளந்தார்கள். கணக்கு சொல்லும் உயரமும் கறை சொல்லும் உயரமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. அக்காவின் குடியிருப்பில் எல்லோரும் சுவருக்குப் புதுப் பூச்சு பூசிவிட்டார்கள். தடயம் மிஞ்சியது ஒரே ஒரு வீட்டில், அக்கா வீட்டின் வெளிச்சுவரில். முழங்கால் உயரத்தில் சேற்று நிறத்தில் ஒரு கோடு, பக்கத்தில் கையால் எழுதிய வருஷம். கணக்கு நெஞ்சு என்றது, சுவர் முழங்கால் என்றது. விமானத்திலிருந்து எடுத்த தரை உயரத்தில்தான் பிழை என்று முடிவு செய்து, அந்தப் பகுதியின் தரையையே கணினியில் உயர்த்திவிட்டாள். தண்ணீர் பொய் சொல்லாது என்று அன்றைக்குப் பெருமையாக வேறு சொன்னாள்.

அந்தக் கோட்டை அவள் எடுத்த படம் கோப்பில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளத்துக் கறை மங்கலாக, ஏறி இறங்கி, ஓரத்தில் சேறு பிடித்து இருக்கும். இருநூறு சுவர்களில் பார்த்திருக்கிறாள். இந்தக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட்டிருப்பாள். அக்கா வீடு, சிரிப்பு, பேச்சு, சாப்பிட்டுவிட்டுப் போ என்ற உபசாரம். டேப்பை வைத்தாள், எழுதினாள், சாப்பிடப் போனாள்.

போனை எடுத்தாள்.

"மாமா, உங்க வீட்டு வெளிச்சுவத்துல இருக்கிற கோடு யாரு போட்டது?"

"என்ன கேள்வி இது? வெள்ளம் போட்டது."

"நேரா இருக்கே மாமா. வெள்ளத்துக்கு ஸ்கேல் வெச்சுக் கோடு போடத் தெரியாது."

பின்னால் அக்கா யாரிடமோ வாளியைக் கேட்கும் சத்தம் வந்தது.

"நான்தான் போட்டேன்" என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. "வெள்ளம் வந்தப்ப நான் வெளியூர் வேலைல இருந்தேன். அம்மா தனியா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள நின்னிருக்காங்க, படகு வர்ற வரைக்கும். வந்து பாத்தா கறை அவங்க கழுத்துகிட்ட இருக்கு. அதுக்கப்புறம் அவங்க தூங்கவே இல்லை. அதான் வெள்ளையடிச்சிட்டு, கீழ ஒரு கோடு போட்டு, இவ்வளவுதாம்மா வந்துச்சு, பயத்துல உனக்கு அதிகமா தெரிஞ்சிருக்குன்னு சொன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"நான் டேப்போட வந்து நின்னப்ப?"

"அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? ஒரு சுவருதானேன்னு விட்டுட்டேன்."

"காலைல மஞ்சள்னு வந்தப்பவாவது..."

"இந்தத் தடவை தண்ணி கம்மின்னு நெனச்சேன். நீ அளந்து சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அவளுக்கு வந்த கோபத்தில் போனை விட்டெறிந்திருப்பாள். அவர் சொன்ன பொய்யை அவள் படமாக்கினாள், அந்தப் படத்தை நம்பி அவரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இந்த அழகில் ஒரு குடியிருப்பே உட்கார்ந்திருக்கிறது. பழைய ஆட்கள் வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்கள் எல்லாம் புதிதாக வந்தவர்கள்.

"அக்காவையும் அத்தையையும் கூட்டிக்கிட்டு உடனே கிளம்புங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. தரைப்பாலம் முழுகிட்டா வெளிய வர வழியே கிடையாது. போனை வைக்காதீங்க, அக்காகிட்ட கொடுங்க."

நிலைய அதிகாரியின் அறைக்கு ஓடினாள். நல்ல மனிதர். ஆனால் போன மழையில் ஊரையே சிவப்பாக்கி, சொட்டுத் தண்ணீர் வராமல் போய், கடைத்தெருவில் "புலி வருது சார்" என்று பெயர் வாங்கியவர். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆக, ஒரு குடியிருப்பு முழுக்க வீட்டுல உக்காந்திருக்கிறது உங்க மாமா அடிச்ச பெயின்ட்டை நம்பி."

"ஆமா சார்."

"காலைல மஞ்சள்னோம். மதியம் சிவப்புங்கறோம். எவன் நம்புவான்?"

"காலைல சொன்னது தப்புன்னும் போடணும் சார். அப்பதான் நம்புவாங்க. கலரை மட்டும் மாத்தினா ஏதோ குழப்பம்னு விட்டுடுவாங்க. எவ்வளவு தண்ணின்னு அடிக்கணக்குல வேண்டாம், கழுத்து வரைக்கும்னு போடலாம்."

"தப்புன்னு போட்டா நாளைக்கு என் கழுத்துக்குத்தான் வரும்."

அவர் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அங்கிருந்து ஆறு தெரியாது, வாகன நிறுத்தம்தான் தெரியும்.

"எழுது" என்றார். "எம் பேர்ல போடு."

எழுதினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். 'காலையில் நாங்கள் அனுப்பிய படம் தவறு. பணிமனைக் குடியிருப்பில் கழுத்து வரை தண்ணீர் வரும். மேட்டுப் பள்ளிக்கு உடனே கிளம்புங்கள். தரைப்பாலம் ஒரு மணி நேரத்தில் மூழ்கும்.' செய்தி போனது. மீட்பு லாரிகளுக்கும் சொல்லியாயிற்று. இனி அவள் கையில் இருந்தது காதில் வைத்திருந்த போன் மட்டும்தான்.

"வந்துடுச்சுடி, எல்லார் போனும் அடிக்குது" என்றாள் அக்கா. "ஆனா யாரும் கிளம்பலை. எல்லாரும் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"எதுக்கு?"

"கோட்டைப் பாக்க."

போனில் குரல்கள் கேட்டன. மூலைக்கடைக்காரர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. "போன வருஷமும் இப்படித்தான் சிவப்புன்னாங்க. நான் இந்தக் கோட்டைப் பாத்துட்டுத்தாங்க இங்க கடையே வெச்சேன். போன வெள்ளத்துக்கு இவ்வளவுதான். இப்ப அந்தக் கோட்டைக்கூடத் தொடலை."

"அது பொய்ங்க. நான் போட்ட கோடு" என்று மாமா கத்துவது கேட்டது.

"பயத்துல உளர்றீங்க. போய் அம்மாவைப் பாருங்க."

மாமா எதையோ எடுத்துச் சுவரைச் சுரண்டும் சத்தம். யாரோ சிரித்தார்கள். திரையில் பாலத்துக் கோடு தரைப்பாலம் மூழ்கும் அளவைக் காட்டும் சிவப்புக் குறியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தண்ணீர் எந்த நேரத்துக்கு எங்கே நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, பத்துப் பேரை ஒரு வாசலிலிருந்து நகர்த்தத் தெரியவில்லை.

"அய்யோ, அத்தை வெளிய வர்றாங்க" என்றாள் அக்கா. "அத்தை, தண்ணில எங்க வர்றீங்க, வழுக்கிடும்."

கூட்டம் அடங்கியது. அத்தைக்கு முழங்கால் வலி. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவர். தண்ணீரை அளைந்துகொண்டு அவர் மெதுவாக நடக்கும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

"அங்க என்னடா பாக்கறீங்க?" என்றார் அத்தை. "இங்க பாருங்க. இதோ, இங்க இருந்துச்சு தண்ணி. இந்த ஜன்னல் கம்பியை ராத்திரி முழுக்கப் பிடிச்சிருந்தவ நான். இந்தக் கோடு என் பையன் போட்டது. கடைக்காரரே, உம்ம பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பும்."

"கையைக் கழுத்துல வெச்சுக் காட்டறாங்கடி" என்றாள் அக்கா, அழுதுகொண்டே. "மாமா அப்படியே நிக்கிறாரு."

அப்புறம் கதவுகள் சாத்தும் சத்தம், லாரி ஹாரன், யார் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். அக்கா கையிலிருந்த போன் அணைந்துவிட்டது. பாலத்துக் கோடு சிவப்புக் குறியைத் தொட்டது, தாண்டியது. கடைசி லாரி வந்துவிட்டதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியபோதுதான் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. கடைசி லாரியின் இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி, ஆட்கள் இறங்கித் தள்ளிக் கரை சேர்த்தார்களாம். எண்ணிப் பார்த்ததில் எல்லோரும் இருந்தார்கள்.

அவள் பள்ளிக்குப் போனபோது அக்கா கட்டிக்கொண்டாள். மாமா கண்ணெடுத்துப் பார்க்காமல் தூரத்தில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு வகுப்பறையில் பெஞ்சில் சாய்ந்து, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை, அந்தக் கோடு பொய்ன்னு?"

"தண்ணில நின்னவ நான்தானே. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சரின்னீங்க?"

"அவன் தூங்கலையே. ஊர்ல இல்லாம போயிட்டேன்னு அந்தக் கறையையே பாத்துக்கிட்டு நின்னான், சோறு தண்ணி இல்லாம. கோட்டைக் கீழ போட்ட அன்னிக்குத்தான் உக்காந்து சாப்பிட்டான். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"நான் அளக்க வந்தப்ப சொல்லியிருக்கலாமே."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கேட்டியா? நேரா போனே, டேப்பை எடுத்தே, சுவத்தைக் கேட்டே. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பைக்குள் கைவிட்டு டேப்பை எடுத்தாள்.

"எழுந்து நில்லுங்க அத்தை."

அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் டேப்பின் நுனியைத் தரையில் கால் விரலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தாள். அத்தை கழுத்தில் விரலை வைத்து, இங்கே என்றார். அவள் எண்ணைப் படித்து வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"இரு" என்றார் அத்தை. "அன்னிக்குக் குதிகாலைத் தூக்கிக்கிட்டு நின்னேன். அதையும் சேத்துக்கோ."